கிளிக்கு முன்கூட்டியே அழுதவர்கள்

மாடிப்படி ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. தன் வீட்டிலிருந்துதான்.

மெக்கானிக்குக் கை கால் ஓடவில்லை. காலையிலிருந்து கடை கடையாகப் போய் ஃப்ரிட்ஜ்களைப் பிரித்து மாட்டிவிட்டு வந்த மனிதர். டூல்ஸ் பையைப் படியிலேயே போட்டுவிட்டுச் செருப்போடு உள்ளே ஓடினார்.

கூடத்தில் சோபா கொள்ளாத கூட்டம். எல்லோர் கன்னத்திலும் ஈரம். நடுவில் அவருடைய மனைவி, ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு? யாரு போயிட்டாங்க?”

“கிளி” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி.

“எந்தக் கிளி? நாம கிளியே வளக்கலையே?”

“உஷ்!” என்று யாரோ அதட்டினார்கள்.

அப்போதுதான் கவனித்தார். எல்லா முகங்களும் டிவியைப் பார்த்தே அழுதுகொண்டிருந்தன. அவரும் டிவியைப் பார்த்தார்.

டிவி ஓடவில்லை. கறுப்புக் கண்ணாடியில் அந்தக் கூட்டத்தின் நிழல்தான் அழுதுகொண்டிருந்தது.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் செல்போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சம்மணமிட்டு ஒரு அம்மாள், மருந்துச் சீட்டு படிப்பதுபோல் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: “இப்போ கிளி கடைசியா ஒரு தடவை சிறகை அடிக்குது... மந்திரவாதி மண்டி போடறான்... பின் வரிசை, தோள் மட்டும் குலுங்கட்டும்... சத்தம் வேண்டாம்...”

பின் வரிசையின் தோள்கள் குலுங்கின.

மெக்கானிக் முதலில் தன் கால் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்தார். பிறகு கூரையைப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து கிளம்பிய சிரிப்பு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும் என்ற நிலைக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது.

பெரியவர் செல்போனை மெல்லத் தாழ்த்தினார்.

“பதிவாயிடுச்சு” என்றார். பாம்பு கடித்த இடத்தைக் காட்டும் குரல்.

*

‘எட்டாம் கடல்’ என்பது வாராவாரம் வரும் தொலைக்காட்சித் தொடர். சின்ன வயதில் கேட்ட கதைகளின் ஆட்கள் எல்லோரும் அதில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்தவன் அல்லவா மந்திரவாதி? அவன் இங்கே பல் டாக்டர். கிளி அவன் வீட்டு பால்கனியில். அரக்கன் கீழே வாட்ச்மேன். நூறு வருஷம் தூங்கிய ராஜகுமாரி மெத்தைக் கடை வைத்திருக்கிறாள். கடையில் அவள் கொட்டாவி விட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது.

இந்தத் தொடருக்கு அந்த ஊரில் இரண்டு அமைப்புகள். ஒன்று மெய்ரசிகர் பேரவை. இன்னொன்று உண்மை ரசிகர் பேரவை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், கேட்டவரை இரண்டு பேரவையும் விலக்கிவிடும்.

ஒவ்வொரு வாரமும் தொடர் முடிந்ததும், முதலில் வந்து சேரும் ரசிகர் எதிர்வினைக் காணொளியைச் சேனலில் காட்டுவார்கள். ‘முதல் கண்ணீர்’ கேடயமும் உண்டு. சாதாரண மனிதர்கள் தொடரைப் பார்த்துவிட்டு அழுவார்கள். மெய்ரசிகர் பேரவையும் ஆரம்பத்தில் அந்தத் தவறைத்தான் செய்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அனுப்புவதற்குள் எதிரிப் பேரவையின் கண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும்.

பிறகுதான் படப்பிடிப்புத் தளத்துக்குத் தண்ணீர் கேன் போடும் ஒருவரைப் பேரவை பிடித்தது. அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அவர் சொல்வார். பேரவை முன்கூட்டியே கூடும், முன்கூட்டியே அழும், தொடர் ஆரம்பித்த கையோடு அனுப்பும். வரிசையாகக் கேடயங்கள் வந்தன.

இந்த வாரம் கிளி சாகப் போகிறது என்று தண்ணீர் கேன்காரர் சொல்லியிருந்தார். பேரவையின் வரலாற்றிலேயே பெரிய அழுகை. அதற்குள்தான் மெக்கானிக் புகுந்து சிரித்துத் தொலைத்திருந்தார்.

“இன்னொரு தடவை எடுத்துட்டா போச்சு” என்றார் மெக்கானிக், தண்ணீர் குடித்துவிட்டு.

சம்மணமிட்டிருந்த அம்மாள் அதிர்ந்து எழுந்தார். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பாளர். பேரவையில் உணர்ச்சி ஒழுங்குக் குழு அமைப்பாளர். எல்லோருக்கும் அக்கா.

“ரெண்டாவது தடவை அழுதா அது நடிப்புங்க. நாங்க நடிக்கறவங்க இல்ல.”

“அப்போ நான் வர்ற இடத்தை மட்டும் வெட்டிடுங்க.”

“வெட்டறதா?” செல்போன் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. அவர்தான் தலைவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். “உண்மைத்தன்மை போயிடுமே தம்பி!”

*

விசாரணை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மாடி வகுப்பறையில் நடந்தது. சுவர் முழுக்கப் போக்குவரத்துச் சின்னங்கள். நாற்காலிகள் எல்லாம் நிர்வாகிகளுக்குப் போய்விட்டதால், மாணவர்கள் பழகுவதற்காகத் தரையில் பொருத்தியிருந்த கார் இருக்கையில் மெக்கானிக்கை உட்கார வைத்தார்கள். முன்னால் ஸ்டீயரிங். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டார். தன் விசாரணைக்குத் தானே ஓட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது.

மனைவி மூலையில், மற்றப் பெண்களோடு. யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

செயலாளர் தொண்டையைச் செருமினார். ஜெராக்ஸ் கடைக்காரர், எந்த விஷயத்தையும் இரண்டு தடவை சொல்வார்.

“கிளி சாகும்போது சிரிச்சீங்களா? சாகும்போது?”

“கிளி எங்க சார் செத்துது? அது நாளன்னிக்குத்தான சாகப் போகுது?”

“கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.”

“டிவி ஓடவே இல்லையே சார்.”

“அது இந்த விசாரணைக்கு வெளிய. வெளிய” என்றார் செயலாளர்.

தலைவர் எழுந்தார். அறை நிமிர்ந்தது.

“தோழர்களே! உணர்ச்சிங்கறது வண்டி மாதிரி. கையைக் காட்டாம திருப்பக் கூடாது. இவரு கையும் காட்டலை, ஹாரனும் அடிக்கலை. நேரா வந்து மோதிட்டாரு. கேட்டா, ‘எனக்குச் சிரிப்பு வந்துச்சு’ங்கறாரு. ஒவ்வொரு ரசிகனும் அவனவனுக்குத் தோணின மாதிரி ரசிக்க ஆரம்பிச்சா, அப்புறம் பேரவை எதுக்கு? நான் எதுக்கு?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

“என்னையே எடுத்துக்குங்க. பேரவை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்தத் தொடர்ல ஒரு வாரத்தைக் கூட நான் பாத்ததில்லை. நேரம் எங்க இருக்கு? ஆர்வம் இல்லாமலா? ஆர்வத்தைத் தியாகம் பண்ணியிருக்கேன்!”

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. மெக்கானிக்கும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டு, ஸ்டீயரிங்கை மறுபடி பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. தொடர் ஒளிபரப்பாவதற்குள் மெக்கானிக் தனியாக அழுது ஒரு திருத்தக் காணொளி தர வேண்டும். தராவிட்டால், ஒளிபரப்பு முடிந்ததும் அவருடைய மனைவி பேரவையிலிருந்து நீக்கப்படுவாள். அதன் பிறகு உறுப்பினர் யாரும் அவளோடு பேசக் கூடாது. போனிலும் கூடாது, கடைத்தெருவிலும் கூடாது.

“சிரிச்சது நான்தானே சார். அவளை எதுக்கு...”

“நீங்க உறுப்பினர் இல்ல” என்றார் செயலாளர். “உறுப்பினரைத்தான் நீக்க முடியும். உறுப்பினரை.”

*

வீட்டில் மனைவி பாத்திரம் தேய்த்த தேய்ப்பில் சட்டியின் அடி தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும் போலிருந்தது.

“அவங்க ஒரு கூட்டம்னு நீ வேற...” என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

“ஆமா. எனக்கு இருக்கறது அந்த ஒரு கூட்டம்தான்.” அவள் திரும்பவில்லை. “உங்க வேலைன்னு சொல்லி இந்த ஊருக்கு வந்தோம். நீங்க காலையில பையைத் தூக்கிட்டுப் போனா, இருட்டினதும்தான் வர்றீங்க. வந்தும் என்ன? ‘கேஸ் லீக்கு, கண்டென்சர் அடைப்பு’ன்னு ரெண்டு வார்த்தை. அப்புறம் குறட்டை. வாஷிங் மெஷின் நின்னா பீப்னு கத்தும் பாருங்க, அதுக்கு ‘வர்றேன் இரு’ன்னு பதில் சொல்லிட்டுத் திரிஞ்சவ நான்.”

மெக்கானிக் ஈரத் துணியை எடுத்து, துடைத்த மேடையையே மறுபடி துடைத்தார்.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி தங்கினது யாரு? அக்கா. பேங்க் வேலைக்குக் கூட வந்தது யாரு? எதிர்த்தெரு டெய்லரம்மா. அவங்க அழச் சொன்னா அழுதுட்டுப் போறேன். உங்களுக்கு என்ன போச்சு? வந்ததும் வராததுமா ஹா ஹான்னு...”

“நீ நிஜமாவே அழுதியே. அது எப்படி?”

தேய்ப்பு நின்றது.

“டிவியில நம்ம வீட்டுக் கூடம் தெரிஞ்சுது. அதுல நான் நடுவுல உட்காந்திருந்தேன். சுத்தி இவ்வளவு பேரு. இவங்க எல்லாம் ஒரு நாள் இல்லாம போயிட்டான்னு தோணிச்சு. அழுகை வந்துடுச்சு.”

மெக்கானிக்குச் சிரிப்பு வரவில்லை.

“அழுதுடறேன் விடு” என்றார். “நான் என்ன கல்லா?”

*

அவர் கல்தான் என்று மறுநாள் தெரிந்தது.

பல் மருத்துவமனையில் கூட்டம் இல்லாத மதிய வேளையில் அக்கா பயிற்சி கொடுத்தார். உள்ளே யாருக்கோ பல்லைக் குடையும் சத்தம். சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் பெரிய படம்.

“முதல்ல சின்னதா ஆரம்பிப்போம். விளிம்பு நிறையணும், வழியக் கூடாது. அது மூன்றாம் நிலைக் கண்ணீர். கிளியை நெனச்சுக்குங்க.”

மெக்கானிக் கிளியை நினைத்தார். கிளிக்கு மூக்கு எவ்வளவு பெரிது என்பதுதான் ஞாபகம் வந்தது.

“வரலைன்னா, உங்க வாழ்க்கையில பெரிய துக்கம் எதையாவது...”

“அப்பா தவறினப்பக்கூட எனக்குக் கண்ணீர் வரலைங்க. அவரைக் கிடத்தின ஐஸ் பெட்டி வேலை செய்யலைன்னு அதைத்தான் ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன்.”

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மணி அடித்தது. உள்ளேயிருந்து கன்னம் வீங்கிய ஒருவர், நிற்காத கண்ணீரோடு வெளியே வந்தார்.

“பாத்தீங்களா, இதான் முதல் நிலை!” என்றார் அக்கா பரவசத்தோடு. “சார், ஒரு நிமிஷம் கிளியை நெனச்சுக்கிட்டு அப்படியே நில்லுங்க!”

வீங்கிய கன்னக்காரர் ஓடியே போனார்.

மெக்கானிக் கண்ணைச் சிமிட்டாமல் இருந்து பார்த்தார். மின்விசிறிக்கு நேராக முகத்தைக் காட்டினார். கடைசியில் கண் சிவந்தது, ஈரம் வரவில்லை. சாயங்காலம் அக்கா தலைவருக்குப் போன் செய்தார்: “முயற்சி இருக்கு தலைவரே. சரக்குதான் இல்ல.”

சிரிப்போடு கூடிய காணொளியே போகட்டும் என்று முடிவாயிற்று. ‘பின்னால் சிரிப்பவருக்கும் பேரவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை’ என்று கீழே ஒரு வரி சேர்த்தார்கள்.

*

ஒளிபரப்பு அன்று மாலை வகுப்பறை நிரம்பி வழிந்தது. முன்னால் பெரிய டிவி. இந்தத் தடவை ஓடியது.

ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. தொடரின் பாட்டு ஆரம்பித்ததுமே செயலாளர் காணொளியை அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் எல்லாத் தலைகளும் செல்போனில் கவிழ்ந்துவிட்டன. எத்தனை பேர் பார்த்தார்கள், எதிரிப் பேரவை அனுப்பிவிட்டதா, யார் என்ன எழுதினார்கள்?

“போயிடுச்சா?”

“போயிடுச்சு, போயிடுச்சு.”

“நம்மதுதானே முதல்ல?”

மூலையில் மனைவியும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகள் காலி.

மெக்கானிக்குப் பார்க்க ஒன்றும் இல்லாததால் டிவியைப் பார்த்தார். அவர் பார்க்கும் முதல் வாரம் அது. முதலில் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு பார்த்தார். பிறகு சொறிவதை நிறுத்தினார். கார் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

“கிளி சாகலையே!”

யாரும் நிமிரவில்லை.

“சார், கிளி சாகலை சார். அது பாட்டுக்குப் பறந்து போகுது. மந்திரவாதி சிரிக்கறான்.”

அறையே நிமிர்ந்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

செயலாளர் தண்ணீர் கேன்காரருக்குப் போன் போட்டார். எதிர்முனை லைன் பிஸி. எதிரிப் பேரவையும் அவருக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிய வந்தது. இரண்டு பேரவையும் ஒரே கேனிலிருந்துதான் குடித்திருந்தன. கிளி ஜம்மென்று பறந்து போன வாரத்துக்கு ஊரே கதறி அழுது அனுப்பியிருந்தது.

தலைவர் பேயறைந்த மாதிரி இருந்தார். ஆனால் எழுந்து நிற்பதற்கு அது ஒரு தடையில்லை.

“தோழர்களே! நாம ஒருமனதா அழுதிருக்கோம். அதுக்கு விரோதமா ஒரு கிளி உயிரோட இருக்குன்னா, தப்பு நம்ம மேலயா, கிளி மேலயா? ரசிகர்களோட உணர்ச்சியைப் பின்பற்றத் தவறின இந்தத் தொடரை...”

“தலைவரே!” செயலாளர் அலறினார். “சேனல்ல நம்மளைக் காட்டறாங்க!”

திரை முழுக்க மெக்கானிக். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே எழுத்து ஓடியது: ‘கிளியின் விடுதலையை ரசித்த ஒரே ரசிகர்! இந்த வாரம் முதல் சிரிப்பு!’

தலைவரின் முகத்தில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது.

“நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார். “ரசிகன்னா தனக்குத் தோணினதைத் தைரியமா காட்டணும்! மெக்கானிக் சார், இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்கதான் உணர்ச்சி ஒழுங்குக் குழு அமைப்பாளர்.”

அதுவரை அமைப்பாளராக இருந்த அக்கா தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அப்போ நாங்க அழுதது?” என்றார் டெய்லரம்மா.

சேனலில் காணொளி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்கும் மெக்கானிக்கு முன்னால், ஊரே பார்க்க, அழும் கூட்டம். எல்லோரையும்விட நன்றாக, எல்லோருக்கும் நடுவில், தலையணையோடு ஒருத்தி.

“தவறான அழுகைக்கு யாராவது பொறுப்பேத்துக்கணும்” என்றார் தலைவர். “நான் காணொளியிலேயே இல்லை. போனைப் பிடிச்சிட்டிருந்தேன். அழுகை யாரு வீட்டுல நடந்துச்சோ, யாரு நடுவுல உட்காந்து மத்தவங்களைத் தூண்டினாங்களோ...” அவர் பார்வை மூலைக்குப் போயிற்று. “ஏற்கனவே அந்தம்மாவை நீக்கற தீர்மானம் கைவசம் இருக்கு. காரணத்தை மட்டும் மாத்திக்கலாம். புது அமைப்பாளர் ஒரு வார்த்தை ‘சரி’ன்னா முடிஞ்சுது.”

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் டிவியைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் போனைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம்” என்றார் மெக்கானிக். “நான் சிரிச்சப்ப டிவி ஓடலை. இவ அழுதப்பவும் ஓடலை. இன்னிக்கு ஓடிச்சு. இன்னிக்குப் பாத்தவங்க யாரு?”

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“அது விவாதத்துக்கு வெளிய” என்றார் செயலாளர். இரண்டாவது தடவை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“அப்போ நானும் வெளிய” என்று மெக்கானிக் எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கை பட்டு ஹாரன் அலறியது.

*

மனைவி முன்னால் படி இறங்கினாள். தெருவில் கடைகளின் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. மெக்கானிக் அவளுக்கு இணையாக நடக்கப் பார்த்தார். அவள் வேகமாக நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள்.

“மன்னிச்சுடும்மா. சரின்னு சொல்லவும் முடியலை. சொல்லாம உன்னைக் காப்பாத்தவும் தெரியலை.”

அவள் தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“கிளி எப்படிங்க தப்பிச்சுது?”

“நீ பாக்கலை?”

“எங்க பாத்தேன்? போனையே பாத்துட்டிருந்தேன். ரெண்டு வருஷமா ஒரு வாரம் விட்டதில்லை. இன்னிக்குப் போய்...” அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லுங்களேன். ஒண்ணு விடாம சொல்லுங்க.”

மெக்கானிக் திணறினார். இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் ஆரம்பித்தார்.

“அந்த டாக்டர் இருக்கான்ல, அவன் பால்கனிக்கு வர்றான். கையில சாவி. மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. இவ்வளவு நாளா உன்னைப் பூட்டி வெச்சு என்னத்தைப் பெருசா வாழ்ந்துட்டேன்னு கிளியைப் பாத்துக் கேக்கறான்...”

பின்னால் செருப்புச் சத்தம். டெய்லரம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“இருங்க, இருங்க. டாக்டரா கேட்டான்? அவன் கிளிகிட்ட பேசவே மாட்டானே!”

“உங்களைத்தான் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே” என்றாள் மனைவி.

“நான் உங்கிட்டயா பேசறேன்? அண்ணன்கிட்ட பேசறேன்” என்று டெய்லரம்மா மனைவியின் கையைக் கோத்துக்கொண்டார். “நீங்க சொல்லுங்கண்ணே.”

அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் நாலைந்து பேர், ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கடைசியாக அக்கா. யாரையும் பார்க்காமல் மனைவியின் மறுபக்கம் வந்து நின்று, “முதல்லேர்ந்து சொல்லுங்க” என்று மெக்கானிக்கை அதட்டினார்.

மெக்கானிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கூண்டு திறந்தும் கிளி உடனே போகவில்லை என்றார். வாசல்வரை வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது என்று தானே தலையைச் சாய்த்துக் காட்டினார். யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எது எந்த நிலை என்று அக்கா கவனிக்கவில்லை.

மேலே ஜன்னல் திறந்தது. தலைவரின் தலை எட்டிப் பார்த்தது.

“கூட்டம் இன்னும் முடியலை! எல்லாரும் மேல வாங்க!”

ஒருவரும் திரும்பவில்லை. தலைவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். பின்னால் காலி நாற்காலிகள். செயலாளர்கூட எப்போது நழுவினார் என்று தெரியவில்லை. கீழே கூட்டத்தின் விளிம்பில், பாதி இருட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“சரி, தீர்மானத்துல எழுதணும்” என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. “கிளி எந்தப் பக்கம் பறந்துச்சு?”

“இறங்கி வாங்க சார், சொல்றேன்.”

“எப்படிய்யா வர்றது? கூட்டத்தை முடிச்சு வைக்காம தலைவர் எழுந்து போக முடியாது. முடிச்சு வைக்க உறுப்பினருங்க வேணும். அவங்கல்லாம் அங்க நிக்கறாங்க.”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதை வெளியே நீட்டினார். கழுத்து எட்டிய வரை எட்டினார்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.